தெரு உணவுக் கடைக்குச் சந்தைப் போக்கு: எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் முழு வழிகாட்டி

உலகில் நாளொன்றுக்குச் சுமார் 250 கோடிப் பேர் தெருவோர உணவைச் சாப்பிடுகிறார்கள் என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் மதிப்பீடு. மேடைப் பேச்சுக்கு நல்ல எண். ஒரு தள்ளுவண்டிக்கோ ஒற்றை ஜன்னல் கியோஸ்க்குக்கோ அதனால் காலணா பயனில்லை. அந்தக் கடையின் சந்தை முன்னும் பின்னும் நூறு நூறு மீட்டர், நாளில் நான்கைந்து மணி நேரம், அவ்வளவுதான். உலகமே விரும்பும் பண்டம் அந்த இருநூறு மீட்டருக்குள் விலைபோகாமல் கிடக்கலாம். எங்கும் பேசப்படாத ஒன்று அங்கே தினமும் தீர்ந்துபோகலாம்.

ஆகவே போக்கு அறிக்கைகளைப் படித்து முடிவெடுக்காதீர்கள். அவற்றிலிருந்து யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் தெருவில் எண்ணிப் பார்த்து, சின்னதாகச் சோதித்து, பிறகு காசைப் போடுங்கள். கீழே வருவது அந்த வரிசைதான். விலைகளையெல்லாம் வெறும் எண்ணாகவே கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊர்ப் பணத்தைப் பொருத்திக்கொள்ளலாம்.

படி 1: அலையா, பருவமா, மாற்றமா?

போக்கு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. அலை சில வாரங்களில் எழுந்து சில வாரங்களில் வடியும். பருவம் வருடம் தவறாமல் அதே மாதத்தில் திரும்பி வரும். மாற்றம் மெதுவாக ஏறும், ஏறியபின் இறங்காது. மூன்றுக்கும் போடவேண்டிய முதல் வேறு.

பிரித்துப் பார்க்க எளிய கருவி கூகுள் டிரெண்ட்ஸ். பண்டத்தின் பெயரைப் போட்டு, கால அளவை 5 வருடமாக வையுங்கள். 90 நாள் படம் பெரும்பாலும் ஏமாற்றும். ஊசி மாதிரி ஒரே கூர்முனை தெரிந்தால் அலை. ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில் மேடு எழுந்தால் பருவம். சரிவுப் பாதை போல ஏறிக்கொண்டே போனால் மாற்றம். அங்கே காட்டும் 0 முதல் 100 வரையான எண் தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் தேர்ந்த காலத்தில் உச்சம் எதுவோ அதை 100 என்று வைத்துக் கணக்கிட்ட ஒப்பீடு அது. குறைவானவர்களே தேடும் பண்டமும் 100-ஐத் தொடும். அதனால் உங்கள் கடையில் ஏற்கெனவே விற்கும் ஒரு பண்டத்தின் பெயரையும் பக்கத்தில் சேர்த்துப் பாருங்கள். அப்போதுதான் புதியது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இன்னொரு சோதனைக்கு இணையம் தேவையில்லை. ஒரே ஆள் இதை வாரத்தில் இரண்டு தடவை வாங்குவாரா என்று கேட்டுப் பாருங்கள். படம் எடுத்துப் போடுவதற்காக வாங்கப்படும் பண்டத்தை ஒருவர் ஒருமுறைதான் வாங்குவார். பசிக்காகவோ அவசரத்துக்காகவோ வாங்குவது திரும்பத் திரும்ப நடக்கும். சுற்றுலாப் பயணிகள் வரும் இடத்தில் முகம் தினமும் மாறுவதால் முதல் வகையும் ஓடும். அலுவலகம், பேருந்து நிலையம், கல்லூரி பக்கத்தில் இரண்டாவது வகைதான் சோறு போடும்.

அலையைப் பிடிப்பதில் தவறொன்றும் இல்லை. ஒரே வேலை மட்டும் செய்யும் இயந்திரத்தை அதற்காக விலைக்கு வாங்குவதுதான் தவறு. அலைக்கு இருக்கிற அடுப்பு, இருக்கிற பாத்திரம், வாடகைக் கருவி போதும். இது முடியாது என்றால் அந்த அலை உங்களுக்கானது அல்ல.

படி 2: தெருவை எண்ணுங்கள்

தேவையானவை: கட்டைவிரலால் அழுத்தும் எண்ணி ஒன்று, கைக்கடிகாரம், கோடு போட்ட நோட்டு. கடை திறந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் 15 நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஏழு நாளும் எண்ண வேண்டும். மழை நாள் ஒன்று இடையில் வந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பலர் அந்த நாளை விட்டுவிட்டு எண்ணி, மழைக்காலத்தில் கணக்குத் தவறிப் போகிறார்கள்.

நோட்டில் நான்கு பத்தி போதும். இடமிருந்து வலம் போவோர், வலமிருந்து இடம் போவோர், கூட்டமாக வருவோர், கையில் ஏற்கெனவே தின்பண்டமோ பானமோ வைத்திருப்போர். நான்காவது பத்திதான் பலரும் மறப்பது. கையில் கோப்பையோடு வருகிறவர் வேறெங்கோ வாங்கியிருக்கிறார். அந்தக் கோப்பை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது உங்கள் போட்டியாளர் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடும்.

பிறகு நிற்பவர் விகிதம். மாலை 7 முதல் 8 வரை 600 பேர் கடக்கிறார்கள், 18 பேர் வாங்குகிறார்கள் என்றால் 3 சதவீதம். இதே எண்ணைப் பக்கத்துக் கடைக்கும் எடுங்கள், அரை மணி நேரம் எதிரே நின்றால் போதும். அவர்களுக்கு 6, உங்களுக்கு 3 என்றால் குறை தெருவில் இல்லை, உங்கள் கடையில் இருக்கிறது. இருவருக்கும் 1 என்றால் புதுப் பண்டம் சேர்த்துப் பயனில்லை. இடத்தையோ நேரத்தையோ மாற்றுங்கள்.

நடக்கும் வேகத்தையும் கணக்கில் எடுங்கள். சாதாரண நடை வினாடிக்கு ஏறக்குறைய 1.3 மீட்டர். 10 மீட்டர் தூரத்தில் உங்கள் பலகையைப் பார்ப்பவர் 7, 8 வினாடியில் கடந்துவிடுவார். அதற்குள் படித்து, புரிந்து, ஆசைப்பட்டு, நிற்க வேண்டும். 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 சென்டிமீட்டர் உயரம் என்பது எழுத்துக்குப் பொதுவான கணக்கு. 10 மீட்டரிலிருந்து படிக்க 8 சென்டிமீட்டருக்குக் குறையாத எழுத்து வேண்டும். அந்த அளவில் ஒரு பலகையில் ஐந்தாறு பெயருக்கு மேல் பிடிக்காது. குறுகிய பட்டியல் என்ற போக்கை இதைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

இனி குப்பைத்தொட்டி. முகம் சுளிக்க வேண்டாம். தெருவில் இதைவிட நேர்மையான சந்தை ஆய்வு கிடையாது. கடை மூடும் நேரத்தில் சுற்றியுள்ள தொட்டிகளை மூன்று நாள் எட்டிப் பாருங்கள். கோப்பை அதிகமா, தட்டு அதிகமா? எந்தக் கடையின் பொதி அதிகம் கிடக்கிறது? எதைப் பாதி தின்றுவிட்டு எறிந்திருக்கிறார்கள்? பாதி கிடக்கும் பண்டம் இரண்டு செய்தி சொல்லும்: அளவு பெரிது, அல்லது ஆறினால் வாயில் வைக்க முடியவில்லை. இரண்டுமே உங்களுக்கான வாசல்.

ஒரே மாதிரிக் கடைகள் ஏன் ஓரிடத்தில் குவிகின்றன என்ற கேள்விக்கு ஹரால்ட் ஹோட்டெல்லிங் என்ற பொருளியலாளர் 1929-லேயே விடை சொல்லியிருக்கிறார்: தள்ளி நின்றால் நடுவில் உள்ள வாடிக்கையாளரை இழக்க நேரும் என்பதால் ஒவ்வொருவரும் மற்றவரை நோக்கி நகர்கிறார்கள். தெருவில் இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. பத்துக் கடை உள்ள இடத்துக்குச் சாப்பிடவென்றே மக்கள் கிளம்பி வருவார்கள். ஆகவே கும்பலைக் கண்டு ஓடாதீர்கள். கும்பலுக்குள் போய் அங்கே இல்லாத ஒன்றை விற்பதே நல்லது. காரமும் எண்ணெயும் நிறைந்த வரிசையில் குளிர்பானமோ இனிப்போ விற்பவருக்கு எல்லாக் கடையின் வாடிக்கையாளரும் வாடிக்கையாளரே.

படி 3: உண்மையில் மாறிக்கொண்டிருப்பவை

இவை அலைகள் அல்ல. பெரும்பாலான நகரங்களில் மெதுவாக ஏறிவருபவை. எல்லாவற்றையும் பின்பற்ற வேண்டியதில்லை. எது உங்கள் எண்ணிக்கையோடு பொருந்துகிறதோ அதை மட்டும் எடுங்கள்.

பணமில்லாப் பரிமாற்றம் முதலாவது. 1994-இல் டென்சோ நிறுவனத்தில் வாகன உதிரிபாகங்களைக் குறிக்க உருவான கியூஆர் குறியீடு இன்று கல்லாப்பெட்டியின் இடத்தைப் பிடித்துவிட்டது. கடைக்காரருக்கு இதில் பெரிய லாபம் சில்லறை தேடும் நேரம் மிச்சமாவது. நட்டம் வரும் வழிகளும் திட்டமானவை. ஒன்று, உங்கள் குறியீட்டின் மேல் வேறொருவர் தன் குறியீட்டை ஒட்டிவிடுவது. தினமும் கடை திறந்ததும் நீங்களே ஒரு சின்னத் தொகையைச் செலுத்திச் சரிபாருங்கள். இரண்டு, பணம் போய்விட்டது என்று காட்டும் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் கைபேசியில் காட்டிவிட்டு நகர்வது. வாடிக்கையாளரின் திரையை நம்பாமல் உங்கள் பக்கத்து ஒலி அறிவிப்பையோ செய்தியையோ மட்டும் நம்புங்கள். மூன்று, நெரிசல் நேரத்தில் இணையம் படுத்துவிடுவது. அதற்காகச் சில்லறையை ஒரேயடியாகக் கைவிடாதீர்கள்.

டெலிவரியும் முன்பதிவும் இரண்டாவது. இங்கே கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் இறங்குகிறவர்கள்தான் அதிகம். விலை 100, மூலப்பொருள் 35 என்று வைப்போம். நேரில் விற்றால் பொதிக்கு 3 போக 62 நிற்கும். செயலி வழியாக விற்றால் கமிஷன் 25 என்று கொண்டால், தடித்த பொதிக்கு 6 போக 34தான் நிற்கும். ஏறக்குறையப் பாதி. கடை சும்மா கிடக்கும் பிற்பகலில் அந்த 34 வரவுதான். ஆனால் மாலை நெரிசலில், எதிரே நிற்கும் ஆளைக் காக்கவைத்து அதே கையால் டெலிவரி ஆர்டரைக் கட்டினால், 62-ஐத் துரத்திவிட்டு 34-ஐ வாங்குகிறீர்கள். நெரிசல் நேரத்தில் செயலியை அணைத்துவையுங்கள். முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்து எடுத்துப்போகும் முறைக்குக் கமிஷன் கிடையாது, வரிசையும் குறையும். பலருக்கு டெலிவரியைவிட இதுதான் கட்டுபடியாகும். எடுத்துப்போக வருபவருக்குத் தனி ஜன்னலோ, குறைந்தது தனிப் பக்கமோ வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் நிற்பவர் முறைப்பார்.

பொதியில் நடந்துவரும் மாற்றம் சட்டத்தால் வருவது, ஆகவே திரும்பாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 3 முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல், தெர்மோகோல் உணவுப் பெட்டி ஆகியவற்றைச் சந்தையிலிருந்து நீக்கியது. வேறு பல நாடுகளும் இந்தத் திசையில்தான் போகின்றன. மாற்றுப் பொருளை வாங்கும்போது சிக்கல் வெப்பத்தில் வரும். சோளமாவிலிருந்து எடுக்கும் சாதாரண பிஎல்ஏ கோப்பை 55, 60 டிகிரி செல்சியசிலேயே தளர்ந்துவிடும். பனிக்கட்டி போட்ட பானத்துக்கு நல்லது, கொதிக்கும் சூப்பை ஊற்றினால் கையிலேயே நெளியும். அது மண்ணில் தானாக மக்கும் என்பதும் பாதி உண்மைதான். 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் நடக்கும் தொழிற்சாலைக் கம்போஸ்ட் முறை வேண்டும். கரும்புச் சக்கைப் பெட்டி சூட்டைத் தாங்கும், ஆனால் மூடியதும் நீராவி தங்கி மொறுமொறுப்பான பண்டம் பத்தே நிமிடத்தில் நமுத்துவிடும். பொரித்ததற்கு இரண்டு துளை போட்ட பெட்டி வாங்குங்கள், அல்லது மூடாமல் கொடுங்கள். எண்ணெய் புகாத காகிதத்தில் சிலவற்றுக்கு பிஎஃப்ஏஎஸ் என்ற வேதிப்பூச்சு உண்டு. டென்மார்க் 2020 ஜூலையிலிருந்து உணவுக் காகிதத்தில் அதைத் தடுத்துவிட்டது. மொத்த வியாபாரியிடம் அது இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். ஆயிரம் பெட்டி வாங்குமுன் பத்து வாங்கி, உங்கள் பண்டத்தை வைத்து மூடி, 20 நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாததால் குடோனில் கிடந்து பழுத்த பெட்டிகள் எத்தனையோ.

உடல்நலம் பற்றிய கேள்விகள் கூடிக்கொண்டே வருகின்றன. அதிகம் செலவில்லாமல் பதில் சொல்ல வழி எண்ணெய். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஆலைகளில் உருவாகும், இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பை ஒழிக்க அழைப்பு விடுத்தது. 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் கூடாது என்பது அதன் வரம்பு. திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் சேர்ந்து அது கெட்டுவிட்டதைக் காட்டும் துருவச் சேர்மங்களுக்கும் பல நாடுகள் 25 சதவீதத்தை ஒட்டி வரம்பு வைத்திருக்கின்றன. அளக்கும் பட்டை கடைகளில் கிடைக்கும். 170 முதல் 180 டிகிரிக்குள் பொரித்து, துகளை அவ்வப்போது வடித்து, புகைவதற்கு முன் மாற்றினால் எண்ணெய் அதிக நாள் வரும், வாடையும் அடிக்காது. ஒவ்வாமைப் பட்டியலும் இதில் சேர்த்தி. ஐரோப்பாவில் 14 வகைப் பொருட்களைப் பொதியிடாத உணவுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது 2014 டிசம்பரிலிருந்து நடைமுறை. உங்கள் ஊரில் கட்டாயமோ இல்லையோ, நிலக்கடலை, பால், முட்டை, கோதுமை, எள், மீன் எதில் இருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். கேட்பவர் எண்ணிக்கை கூடிவருகிறது, எழுதுவதற்குச் செலவோ ஒரு அட்டைதான்.

கண்ணுக்குத் தெரியும் சமையல் என்பதும் வளர்கிறது. தெரு உணவின் மதிப்பே உயர்ந்துவிட்டது: சிங்கப்பூரில் இரண்டு தெருக்கடைகளுக்கு 2016-இல் சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது, 2020 டிசம்பரில் அந்த நாட்டின் தெரு உணவுப் பண்பாடு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. வாடிக்கையாளர் இன்று ருசியோடு கடையின் சுத்தத்தையும் பார்த்து எடை போடுகிறார். அடுப்பை முன்பக்கம் திருப்புங்கள். கைகழுவும் குழாய் பார்வையில் இருக்கட்டும். பணம் வாங்கும் கையும் உணவு தொடும் கையும் வேறாகட்டும்.

படி 4: நிமிடக் கணக்கு

தெருக்கடையில் பற்றாக்குறை சரக்குக்கு இல்லை, நெரிசல் நேரத்து நிமிடங்களுக்குத்தான். நாளின் வருமானத்தில் பெரும்பங்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் வருகிறது. ஆகவே லாப சதவீதத்தைவிட, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள்.

பண்டம் அ: விலை 100, மூலப்பொருள் 35, மிச்சம் 65, கொடுக்க 90 வினாடி. பண்டம் ஆ: விலை 60, மூலப்பொருள் 24, மிச்சம் 36, கொடுக்க 40 வினாடி. சதவீதத்தில் அ தான் உயர்வு. நிமிடத்துக்குப் பார்த்தால் அ தருவது 43, ஆ தருவது 54. முழு நெரிசல் மணி நேரத்தில் அ 40 விற்று 2600 தரும். ஆ 90 விற்று 3240 தரும். எனவே நெரிசலில் பலகையின் மேலே ஆ இருக்கட்டும், ஆள் குறைந்த நேரத்தில் அ மேலே ஏறட்டும். பலகையைத் திருப்பிப் போடும் வேலைக்கு முதலீடே இல்லை.

நேரத்தை எப்படி அளப்பது? ஆர்டர் வாங்குவது, சமைப்பது, பரிமாறிக் கட்டுவது, பணம் வாங்குவது என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 20 தடவை கடிகாரத்தில் பிடியுங்கள். ஒரே கல்லில் நான்கு வேகும் என்றால் வேகும் நேரத்தை நான்கால் வகுக்க வேண்டும். இப்படிப் பார்த்தால் தடை பெரும்பாலும் அடுப்பில் இருக்காது. கட்டும் கையில் இருக்கும், அல்லது வாடிக்கையாளர் பலகை முன் யோசித்து நிற்பதில் இருக்கும். தடை எங்கே என்று தெரியாமல் பெரிய அடுப்பு வாங்குவது காசைக் கரியாக்குவது.

வரிசையின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி: நிற்பவர் எண்ணிக்கை என்பது நிமிடத்துக்கு வருவோர் எண்ணிக்கையை ஒருவர் கடையில் செலவிடும் நிமிடங்களால் பெருக்கியது. நிமிடத்துக்கு 1.5 பேர் வந்து, ஒவ்வொருவரும் 4 நிமிடம் நின்றால், எப்போதும் 6 பேர் நிற்பார்கள். மூன்று நான்கு பேர் நின்றால் கடை ஓடுகிறது என்று புதியவர் வருவார். ஆறேழைத் தாண்டினால் அவசரக்காரர் நகர்ந்துவிடுவார். ஒருவருக்கு 40 வினாடி என்றால் மணிக்கு 90 பேர் என்பது காகிதக் கணக்கு. ஒழுங்கில்லாமல் ஆட்கள் வருவதால் 70, 75-ஐத் தாண்டினாலே வரிசை கட்டுக்கடங்காது.

சிறிய அளவு விற்பது இன்றைய விலைவாசியில் நல்ல போக்குதான். ஆனால் அதையும் இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பாதி அளவை 60 விலைக்குக் கொடுத்தால் மூலப்பொருளில் ஆதாயம். கட்டும் நேரமோ முழு அளவுக்கு ஆகும் அதே நேரம். நெரிசலில் எல்லோரும் சின்னதையே கேட்டால் நிமிட வருமானம் சரியும். சின்ன அளவை மாலை நெரிசலுக்கு முன்பு மட்டும் வையுங்கள்.

படி 5: 21 நாள் சோதனை

முதல் 7 நாள் எதையும் மாற்றாமல் கணக்கு மட்டும் எழுதுங்கள். இதுதான் அடிப்படை வாரம். அடுத்த 14 நாள் புதுப் பண்டத்தோடு. ஒரே ஒரு புதுப் பண்டம். இரண்டைச் சேர்த்தால் எது எதை மாற்றியது என்று தெரியாது. விலை, இடம், நேரம் எதையும் இடையில் தொடாதீர்கள். இலவச ருசி கொடுப்பதாக இருந்தால் முதல் 2 நாளோடு நிறுத்தி, அந்த 2 நாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். சனிக்கிழமையைச் சனிக்கிழமையோடுதான் ஒப்பிட வேண்டும். சம்பள வாரத்தை மாதக் கடைசி வாரத்தோடு ஒப்பிட்டு ஏமாறுவதும் சகஜம்.

தினமும் எழுத வேண்டியவை: ஒவ்வொரு பண்டமும் எத்தனை விற்றது, எத்தனை மீந்தது, எத்தனை மணிக்குத் தீர்ந்தது, வானிலை, கூடுதல் கூலி. தீர்ந்த நேரத்தை எழுதாமல் விட்டால் 8 மணிக்கே தீர்ந்த பண்டமும் இரவு மூடும்வரை இழுத்த பண்டமும் ஒன்றாகத் தெரியும்.

பார்க்க வேண்டியது கடையின் மொத்த மிச்சம். புதுப் பண்டத்தின் விற்பனை மட்டும் போதாது. பழைய பண்டம் நாளுக்கு 80, ஒவ்வொன்றிலும் 36 மிச்சம் என்றால் மொத்தம் 2880. புதுப் பண்டம் 40 விற்று ஒவ்வொன்றிலும் 42 தருகிறது, பழையது 45-க்கு இறங்கிவிட்டது என்று வைப்போம். 1680-உம் 1620-உம் சேர்ந்து 3300. மகிழ்ச்சிதான். அதில் மீந்துபோன சரக்கு 200, கூடுதல் ஆள் கூலி 300 கழித்தால் 2800. விற்ற எண்ணிக்கை 80-லிருந்து 85 ஆகியும், வேலை கூடியும், கையில் 80 குறைவு. கூட்டம் கூடியிருப்பதைக் கண்ணால் பார்ப்பதால் இந்த நட்டம் மாதக்கணக்கில் தெரியாமலே ஓடும்.

திரும்பி வருபவரை அறிய, புதுப் பண்டம் வாங்கும் முதல் 100 பேருக்கு ஒரு வண்ண அட்டை கொடுங்கள். திரும்பக் கொண்டுவந்தால் சின்னச் சலுகை. இரண்டாவது வாரத்தில் எத்தனை அட்டை திரும்பியது என்பது ருசிக்கான தீர்ப்பு.

நிறுத்தும் விதியைச் சோதனை தொடங்குமுன் எழுதி வையுங்கள். மொத்த மிச்சம் அடிப்படை வாரத்தைவிட 10 சதவீதம் ஏறவில்லை, 100 அட்டையில் 15 கூடத் திரும்பவில்லை, விற்காமல் மீந்துபோகும் சரக்கு 8 சதவீதத்தைத் தாண்டுகிறது: இந்த மூன்றில் இரண்டு நடந்தால் நிறுத்தலாம். இவை தோராய வரம்புகள்தான்; இடம் பார்த்து மாற்றலாம், சோதனை நடுவில் மட்டும் மாற்றக் கூடாது.

படி 6: சாதனம், மின்சாரம்

சோதனை தேறிய பிறகே சாதனம். கேஸிலிருந்து மின்சார அடுப்புக்கு மாறுவது பல நகரங்களில் பரவிவருகிறது, மூடிய அங்காடிகளில் தீயை அனுமதிக்காததும் ஒரு காரணம். மாறுமுன் கணக்குப் போடுங்கள். 10 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 0.87 யூனிட் வெப்பம் வேண்டும். 85 சதவீதத் திறனுள்ள இன்டக்‌ஷன் அடுப்பில் ஏறக்குறைய 1 யூனிட் மின்சாரம்; 2000 வாட் அடுப்பில் அரை மணி நேரம். 40 சதவீதத்தை ஒட்டிய திறனுள்ள கேஸ் அடுப்பில் 160, 170 கிராம் எரிவாயு. உங்கள் ஊர் விலைகளால் இரண்டையும் பெருக்கினால் விடை வந்துவிடும். காற்றடிக்கும் இடத்தில் கேஸ் அடுப்பின் திறன் இன்னும் விழும். மூன்று பக்கத் தகரத் தடுப்பு அதைச் சரிசெய்யும்.

230 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு 3450 வாட் தாங்கும். தொடர்ந்து ஓடும் சுமையை அதில் 80 சதவீதத்துக்குள், அதாவது 2760 வாட்டுக்குள் வைக்க வேண்டும். 2000 வாட் அடுப்பும் 1000 வாட் வெந்நீர்ப் பாத்திரமும் ஒன்றாக ஓடினால் நெரிசல் உச்சத்தில் கம்பி சூடாகும், பிரேக்கரும் விழலாம். பேட்டரி வண்டிக்கு: 5 யூனிட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் எடுக்கலாம், இன்வெர்ட்டர் இழப்பு போக 3.6 யூனிட் கைக்கு வரும். சராசரி 1200 வாட் சுமைக்கு 3 மணி நேரம். குளிர்பெட்டியும் அதிலேயே என்றால் அந்த 3 மணி நேரமும் நிற்காது.

புதுப் பண்டம் குளிர்ச்சியையோ சூட்டையோ கேட்டால் அந்த இடமும் சேர்த்தே கணக்கிடுங்கள். சமைத்தது 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சமைக்கும்போது உள்பாகம் 70 டிகிரியைத் தொட வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள், பண்டத்தின் நிறத்தை நம்ப வேண்டாம். சூடான குண்டானை அப்படியே குளிர்பெட்டிக்குள் வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அது சீக்கிரம் ஆறாது, பெட்டியில் உள்ள மற்றதையும் சூடாக்கும். அகலத் தட்டில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, பனிநீரில் வைத்து ஆற்றிய பிறகு உள்ளே வையுங்கள்.

படி 7: எடுத்துவிடுதல்

ஒன்று சேர்ந்தால் ஒன்று வெளியேற வேண்டும். மாதம் ஒருமுறை பட்டியலை இரண்டு கேள்வியால் சலியுங்கள்: எத்தனை விற்றது, நிமிடத்துக்கு எவ்வளவு மிச்சம். இரண்டிலும் கடைசியில் நிற்பதை எடுத்துவிடுங்கள். நிறைய விற்று மிச்சம் குறைவானதற்கு அளவையோ தொட்டுக்கொள்ளும் சட்னியையோ திருத்துங்கள், விலையை உடனே ஏற்ற வேண்டாம். மிச்சம் நிறைய இருந்தும் விற்காததைப் பலகையில் மேலே ஏற்றி இரண்டு வாரம் பாருங்கள்.

எடுக்கும் முன் அதன் மூலப்பொருள் வேறு எந்தப் பண்டத்திலும் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் கையிருப்பு தீரும் நாளைக் கணக்கிட்டு, அந்த நாளிலேயே பெயரை அழித்துவிடுங்கள். அலைப் பண்டமாக இருந்தால் கூடுதலாக ஒரு அடையாளம் உண்டு: அதே தெருவில் மூன்றாவது கடை அதை விற்கத் தொடங்கிய வாரத்திலிருந்து உங்கள் அட்டைகள் திரும்புவது குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் புது மூலப்பொருள் வாங்குவதை அன்றே நிறுத்தி, இருப்பதை மட்டும் விற்று முடியுங்கள்.